வாபஸ் பாண்டி

எனக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் வைத்தவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவனை ஒரு வழி பண்ணியிருப்பேன். என் பெயர் ஜெயபாண்டி. பேரையூரில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்றிதழ் என்று எந்த மனுவாக இருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். முப்பது வருஷத் தொழிலில், ஒன்றே ஒன்றைத் தவிர, காகிதம் சரியில்லை என்று ஒரு மனு திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையை எவன் சொல்கிறான்? "வாபஸ் பாண்டி கடையா? அந்தா இருக்கு பாருங்க" என்றுதான் வழி சொல்கிறான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஜெர்சன்.

ஜெர்சனும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் அப்பா மைக்கேல்ராஜ் சார் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். என் அப்பா மானாவாரியில் பருத்தியும் சோளமும் போட்டவர். அவன் மதுரையில் கணக்கு வாத்தியாராகப் போனான். நான் டைப்பிங் ஹையர் முடித்துவிட்டு இந்தக் கடையைப் போட்டேன். எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாயை ஒரு கல்குவாரிக்காரன் மண்ணைக் கொட்டி மூடினான். இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் வாயைத் திறக்கவில்லை. குவாரிக்காரன் இரண்டு பேருக்குமே வேண்டப்பட்டவன். அந்த ஆத்திரத்தில்தான் நாங்கள் கட்சி ஆரம்பித்தோம். மானாவாரி மக்கள் கட்சி. பெயர் வைத்தது நான். சின்னங்களின் பட்டியலைப் பார்த்துக் கிணற்றைத் தேர்ந்தெடுத்தது நான். டெல்லிக்குப் போன பதிவு விண்ணப்பத்தை ஒரு புள்ளி விடாமல் அடித்ததும் நான்.

முதல் தேர்தலில் யார் நிற்பது என்று பேச்சு வந்தபோது, "நீயே நில்லு மாப்ள, உனக்குத்தான் குரல் இருக்கு" என்று சொன்னவனும் நான்தான். இதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். அவன் உடனே வாத்தியார் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்து நின்றான். வந்தவன் இருபத்தைந்து வருஷமாக உட்காரவேயில்லை.

தேர்தலில் மாற்று வேட்பாளர் என்று ஒரு சங்கதி உண்டு. கட்சி வேட்பாளரின் மனு ஏதாவது காரணத்தால் தள்ளுபடியானால் களத்தில் ஆளில்லாமல் போய்விடக் கூடாது. அதற்காக இன்னொருவரும் கூடவே மனு போட்டு வைப்பார். அசல் ஆளின் மனு ஏற்கப்பட்டதும் இவர் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஐந்து தேர்தலில் ஐந்து தடவை மனு போட்டேன். ஐந்து தடவை வாபஸ் வாங்கினேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனுக்குக்கூட ஒரு மோதிரம் போடுவார்கள். எனக்குக் கிடைத்தது இந்தப் பட்டப்பெயர்தான்.

அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. கிணத்து சார். அதைச் சொல்லும்போது சனங்களின் வாயே இனிக்கும். அவன் வாங்கிய ஓட்டுகள் எனக்கு மனப்பாடம். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு, இரண்டாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு, நாலாயிரத்து நூற்று மூன்று, ஏழாயிரத்து முந்நூற்று எண்பது, பதினோராயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. ஒவ்வொரு தடவையும் டெபாசிட் போகும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மூன்றாவது இடம் அவனுக்குத்தான். தோற்றவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு வயிறெரியும். டெபாசிட் போன மறுநாள் அவன் பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுப்பார்கள். டி.வி.யில் ஏழு நிமிஷம் பேசினான், அதை என் மனைவி தமிழ்ச்செல்வி செல்போனில் பிடித்து வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினாள். என் மகள் கல்யாணத்துக்கு வந்த முன்னாள் எம்.எல்.ஏ., பெண்ணைப் பெற்ற என்னைத் தாண்டிப் போய், "ஜெர்சன் எங்கப்பா?" என்று கேட்டார். என் வீட்டுக் கல்யாணம் அது.

பொறாமை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. பொறாமைதான். ஆனால் அவன் தினமும் காலை பத்து மணிக்குக் கடைக்கு வருவான். எதிர்க் கடையில் ஒரு டீ சொல்லி இரண்டு கிளாசில் ஊற்றிக் குடிப்போம். வயிறெரிந்துகொண்டேதான் குடிப்பேன். அவன் ஒரு நாள் வரவில்லை என்றாலும் எனக்குப் பொழுது போகாது.

ஆறாவது தேர்தல் வந்தது. கட்சிக் கூட்டம் கீழக்குயில்குடியில், மலையடிவாரத்து ஆலமரத்துக்குக் கீழே நடந்தது. செயற்குழுவில் பதினொரு பேர். ஜெர்சனையும் என்னையும் தள்ளினால் ஒன்பது. நான் எழுந்து, இந்த ஒரு தடவை நான் நிற்கிறேன் என்று கேட்டேன். இருபத்தைந்து வருஷத்தில் கட்சியிடம் நான் கேட்டது அது ஒன்றுதான். ஜெயிக்க வேண்டும் என்றுகூட நான் ஆசைப்படவில்லை. ஓட்டு மெஷினில் என் பெயர் வர வேண்டும், பக்கத்தில் என் போட்டோ இருக்க வேண்டும், அதை என் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு ஐம்பத்தேழு வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கிறது. அடுத்த தேர்தலை யார் கண்டது?

யார் நிற்கலாம் என்று கை தூக்கச் சொன்னார்கள். ஜெர்சனுக்கு ஒன்பது கை. ஒன்பதாவது கையில் போட்டிருந்தது நான் வாங்கிக் கொடுத்த வளையல்.

"அடுத்த தடவை நீதான் மாப்ள, சத்தியம்" என்று ஜெர்சன் என் தோளில் கை போட்டான். கையைத் தட்டிவிடலாமா என்று இருந்தது. சிரித்து வைத்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கிலேயே தமிழ்ச்செல்வியிடம் சண்டை பிடித்தேன். புருஷனுக்குக் கை தூக்க வலிக்கிறதா என்று கேட்டேன். "ஓட்டு விழணும்லங்க. ஒங்களுக்கு நான் போடுவேன். வேற யாரு போடுவா?" என்றாள். செக்கானூரணி வரைக்கும் பைக்கை விரட்டினேன்.

எப்போதும் போல இரண்டு மனுக்களையும் நானே அடித்தேன். மனுவோடு சொத்து, வழக்கு, பாக்கி எல்லாவற்றையும் சொல்லும் பிரமாணப் பத்திரம் ஒன்று வைக்க வேண்டும். அதில் ஒரு கட்டத்தைக்கூட வெறுமனே விடக் கூடாது. ஒன்றும் இல்லை என்றால் 'இல்லை' என்றாவது எழுதியாக வேண்டும். என் பத்திரத்தை முதலில் முடித்தேன். ஜெர்சனுடையதில் அவன் மனைவி ஆன்மேரி பற்றிய ஒரு கட்டம் மட்டும் நின்றது. அவள் திருச்சியில் அரசாங்க வேலை பார்க்கிறவள், முன்பு அரசாங்கக் குடியிருப்பில் இருந்தவள். அதில் பாக்கி ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டு நிரப்பலாம் என்று விட்டு வைத்தேன். மறந்துபோனேன். சத்தியமாக மறந்துதான் போனேன். இந்த ஒன்றையாவது நீங்கள் நம்ப வேண்டும்.

கையெழுத்துப் போட வந்த ஜெர்சன் வழக்கம் போலக் கண்ணாடியை எடுக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அவனுக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனால் என் கடையில் அவன் அதை எடுத்ததே கிடையாது. "நீ அடிச்சதுல நான் என்னத்தப் படிக்க?" என்று சொல்லிக்கொண்டே, நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு டீயை எடுத்துக்கொண்டான்.

மனு தாக்கலின் கடைசி நாள் போய்க் கொடுத்தோம். கொடுத்ததும் அவன் வெளியே பத்திரிகைக்காரர்களிடம் போய்விட்டான். நான் என் மனுவையும் கொடுத்துவிட்டு உள்ளே நின்றேன். தேர்தல் அலுவலகத்து கிளார்க் எனக்குத் தெரிந்தவர். அவர் ஒரு நோட்டீசை நீட்டினார். ஜெர்சனின் பத்திரத்தில் ஒரு கட்டம் நிரப்பப்படவில்லை, மறுநாள் காலை பதினொரு மணிக்கு மனுப் பரிசீலனை தொடங்கும் முன் புதுப் பத்திரம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மனு தள்ளுபடியாகும் என்று இருந்தது. அவனுடைய ஏஜென்ட் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். முப்பது வருஷத்தில் என் காகிதம் ஒன்று திரும்பி வந்திருக்கிறது. அந்த அவமானம்தான் முதலில் தெரிந்தது. வேறு நினைப்பு எதுவும் அப்போது வரவில்லை.

கடைக்கு ஓடினேன். ஆன்மேரிக்குப் போன் செய்தேன். பாக்கி எதுவும் கிடையாது, சான்று கையிலேயே இருக்கிறது, திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன், சாயங்காலம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறேன், என்னைக் கூப்பிட அவரும் அங்கே வருகிறார் என்றாள். புதுப் பத்திரத்தை அடித்து, கட்டத்தில் 'இல்லை' என்று போட்டு, கவரில் வைத்தேன். ஜெர்சன் கையெழுத்துப் போட்டால் போதும். காலையில் நோட்டரியைப் பார்த்துக் கொடுத்துவிடலாம். பைக்கை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் போனேன். கொடுக்கத்தான் போனேன்.

பூ மார்க்கெட் பக்கம் ஜெர்சன் நின்றிருந்தான். ஆன்மேரியும் அவளோடு வேலை பார்க்கிற மூன்று பெண்களும் பெட்டிகளோடு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஜெர்சனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் சட்டைக்குள்ளிருந்து கவரை எடுக்கப் போனேன். அதற்குள் அவன் என் இன்னொரு கையைப் பிடித்து இழுத்து அந்தப் பெண்களிடம் அறிமுகப்படுத்தினான்.

"இதுதான் நான் சொல்வேன்ல, எங்க வாபஸ் பாண்டி" என்றான்.

அந்தப் பெண்கள் சிரித்தார்கள். ஆன்மேரியும் சிரித்தாள். ஊரே சொல்லும், அவன் சொன்னதில்லை. இருபத்தைந்து வருஷத்தில் அந்தப் பெயரை அவன் வாயால் நான் கேட்டதில்லை. மற்றவர்கள் சொன்னால் கோபப்படுவான் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் வீட்டில் என் பெயர் அதுதான் போலிருக்கிறது. திருச்சி வரைக்கும் போயிருக்கிறது. அதோடு நிறுத்தினானா? "அப்புறம் மாப்ள, வாபஸ் ஃபார்மை இப்பவே அடிச்சு வச்சுக்க. கடைசி நேரத்துல அலையாத" என்றான்.

சட்டைக்குள் போன கையை வெறுமனே வெளியே எடுத்தேன். எதற்கு வந்தாய் என்று கேட்டான். மாலை கட்டச் சொல்ல வந்தேன் என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. மாலைக்குச் சம்பங்கியே போதும், ரோஜா வேண்டாம் என்றான் ஜெர்சன். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணி வரைக்கும் நேரம் இருந்தது. காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் பத்துக்கும் கவரை எடுத்துப் பார்த்தேன். இதோ கொடுத்துவிடலாம், இதோ கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்களின் சிரிப்பு வந்து நின்றது. அதற்குப் பின்னால் மெஷினும் என் போட்டோவும் வந்து நின்றன. பத்து ஐம்பதுக்குக் கவரை நான்காக மடித்து பேன்ட் பைக்குள் திணித்தேன்.

பரிசீலனையில் ஜெர்சன் முன்னால் நாற்காலியில் இருந்தான். நான் அவனுக்குப் பின்னால் இருந்தேன். அதிகாரி விஷயத்தைச் சொன்னார். நோட்டீஸ் நேற்றே கொடுத்தாயிற்று, வாங்கியதற்குக் கையெழுத்து இருக்கிறது, பாருங்கள் என்று ஒரு காகிதத்தை மேசைமேல் திருப்பி வைத்தார். ஜெர்சன் குனிந்து பார்த்தான். அவன் கண்ணாடி போட்டிருந்தானா இல்லையா என்று பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை. ஒரு நிமிஷம்கூட இருக்காது. "சரிங்க சார்" என்று நிமிர்ந்தான். அவ்வளவுதான். அவன் மனு தள்ளுபடி. அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏற்கப்பட்டது.

ஜெர்சன் எழுந்து என் பக்கம் திரும்பினான். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. அவன் கை கொடுத்து, "வாழ்த்துகள் வேட்பாளரே" என்றான். அந்தச் சொல்லை அவன் வாயால் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. தனக்கு அங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது, நீங்கள் எல்லோரும் போங்கள் என்று சொல்லி அவன் ஆபீசிலேயே நின்றுகொண்டான்.

வெளியே எங்கள் ஒன்றியச் செயலாளர் பேயாண்டி ஆடித் தீர்த்துவிட்டான். நோட்டீஸ் கொடுத்தோம் என்கிறார்களே, யாரிடம் கொடுத்தார்கள் என்று கேட்டான். எனக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை என்று சொன்னேன். உடனே ஐகோர்ட்டுக்குப் போவோம், ஆபீசிலிருந்து எல்லாக் காகிதத்தையும் கோர்ட்டுக்கு வரவழைப்போம் என்று அவன் குதித்தான். பிறகு வந்த ஜெர்சன்தான் அவனை அடக்கினான். கோர்ட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இருபத்தோரு நாள்தான் இருக்கிறது, ஓட்டுக் கேட்கிற வேலையைப் பாருங்கள் என்றான். நல்லவேளை என்று நினைத்தேன்.

அந்த இருபத்தோரு நாளும் நான் வேட்பாளர். திறந்த ஜீப்பில் நடுவில் நான், வலது பக்கம் ஜெர்சன். தனக்காகக் கேட்டபோதுகூட அவன் அப்படிக் கேட்டதில்லை. தொண்டை கட்டினால் வெந்நீரைக் குடித்துவிட்டு மறுபடி மைக்கைப் பிடிப்பான். நம் வேட்பாளர், நம் வேட்பாளர் என்று வாய்க்கு வாய் சொன்னான். என்னோடு பேசும்போதும் வேட்பாளர்தான். கூட்டத்துக்கு முன்னால் மரியாதை கொடுக்கிறான், கடைசியில் என் தகுதியை இவனும் ஒத்துக்கொண்டான் என்று எனக்கு ஒரே பெருமை. காலை டீக்கு மட்டும் வரவில்லை. வயிறு சரியில்லை, டீயை விட்டுவிட்டேன் என்றான். இருந்த வேலையில் நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஆனால் பொறாமை மட்டும் போய்த் தொலையவில்லை. வேட்பாளரானால் அது போய்விடும் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் ஆரத்தித் தட்டு நேரே அவன் பக்கம் போகும். எந்த ஊருக்குப் போனாலும், "ஏன் சார் நீங்க நிக்கல?" என்ற கேள்வி முதலில் வரும். ஒரு ஊரில் சூசையம்மாள் என்று ஒரு கிழவி, மாலையைக் கொண்டுவந்து என்னைத் தாண்டி அவன் கழுத்தில் போட்டாள். அவன் அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டான். கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, சாரே போட்டுட்டாரு, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் கழுத்துச் சூடு அந்த மாலையில் இருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் கழற்றி ஜீப்புக்குள் எறிந்தேன். ஜெர்சன் பார்த்தான்.

ஓட்டுப்போடும் நாளன்று நானும் தமிழ்ச்செல்வியும் காலை ஏழு மணிக்கே வரிசையில் முதலில் நின்றோம். அட்டை மறைப்புக்குள் போனேன். பதினான்காவது வரிசையில் ஜெயபாண்டி, பக்கத்தில் என் போட்டோ, அதற்குப் பக்கத்தில் கிணறு. இருபத்தைந்து வருஷமாக நான் கேட்டது அதுதான். நின்று பார்த்தேன். உள்ளே இருந்த அலுவலர், "சீக்கிரம் அமுக்குங்க சார்" என்றார். அமுக்கினேன். பீப் சத்தம் வந்தது. அவ்வளவுதானா என்று இருந்தது. வெளியே வந்தால் வாசலுக்கு நூறு மீட்டர் தள்ளி ஜெர்சன் வெயிலில் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஓட்டு எண்ணிக்கையில் எனக்குப் பன்னிரண்டாயிரத்து முந்நூற்று ஆறு. டெபாசிட் போனது. மூன்றாவது இடம். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? ஜெர்சன் அதிகபட்சம் வாங்கியது பதினோராயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. நான் ஆயிரத்து எண்பத்தெட்டு ஓட்டு அதிகம். அந்தக் கணக்கை அன்றைக்கு எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போனதும் தமிழ்ச்செல்வியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பாமலே, "ஜெர்சன் அண்ணே தொண்டையில ரத்தம் வர்ற அளவுக்குக் கத்துனாருல்ல" என்றாள். அவளிடம் எனக்குச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு பசி தாங்காமல் நானே போட்டுச் சாப்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் காலை பத்து மணிக்கு ஜெர்சன் கடைக்கு வந்தான். இனி பழையபடி டீ குடிக்கலாம் என்று எதிர்க் கடைக்குக் கையைக் காட்டினேன். ஒரு டீ இரண்டு கிளாசில் வந்தது. அவன் தன் கிளாசைத் தொடவில்லை. கையில் இருந்த ஃபைலை என் மேசையில் வைத்தான். இந்தத் தேர்தல் சம்பந்தப்பட்ட காகிதமெல்லாம் இருக்கிறது, கட்சி பீரோவில் வைத்துவிடுங்கள் என்றான். வைத்துவிடுங்கள் என்று அவன் சொன்னது என் காதில் சரியாக ஏறவில்லை. ஃபைலைத் திறந்தேன்.

முதல் காகிதமே மனு தள்ளுபடி உத்தரவின் நகல். அதற்குக் கீழே நோட்டீஸ் வாங்கியதற்கான ரசீதின் நகல். அதில் என் கையெழுத்து. ஜெயபாண்டி என்று கடைசி எழுத்துக்குக் கீழே கோடு இழுத்துப் போடுகிற என் கையெழுத்து. நான் மனு எழுதுகிறவன், காகிதத்தில் முதலில் முத்திரைத் தேதியைத்தான் பார்ப்பேன். பரிசீலனை நடந்த அதே நாள். அன்றைக்கு எங்களை எல்லாம் அனுப்பிவிட்டு அவன் ஆபீசில் நின்றது இந்த நகலை வாங்குவதற்குத்தான்.

இருபத்தோரு நாள். இதைத் தன் பையில் வைத்துக்கொண்டு இருபத்தோரு நாள் அவன் என் பக்கத்தில் நின்றிருக்கிறான். அந்த நாட்களில் அவன் ஒரு தடவைகூட என்னை மாப்ள என்று கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை மரியாதை என்று நினைத்து நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. மாட்டுத்தாவணிக்குப் புதுப் பத்திரத்தோடுதான் வந்தேன், நீ அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தாய் என்று உளறினேன். எனக்கே அது கேவலமாக இருந்தது. அவன் கேட்டுக்கொண்டு நின்றான். "தெரிஞ்சும் எனக்காகவா தொண்டை கிழியக் கத்துன?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்காகன்னு நெனைக்காதீங்க" என்றான். "வெளிய சொல்லிருந்தா கட்சி அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நான் கிணத்துக்கு ஓட்டுக் கேட்டேன். ஒங்களுக்குக் கேக்கல."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "மாப்ள, அசிங்கமா ஒரு தடவை திட்டிட்டுப் போயிருடா" என்றேன். அவன் கண்மாய்க் கால்வாய் பற்றிக் கலெக்டருக்கு ஒரு மனு அடிக்க வேண்டும், குவாரிக்காரன் மறுபடி மண் கொட்டுகிறான் என்றான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கட்சி ஆரம்பித்த அதே கால்வாய். அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். கண் மறைத்ததில் விரல் இரண்டு தடவை தப்பியது, திருத்தினேன். பிரின்ட் எடுத்து, வழக்கம் போலக் கையெழுத்துப் போடும் இடத்தில் என் விரலை வைத்து நீட்டினேன்.

ஜெர்சன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தான். துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டான். என் விரலுக்குக் கீழிருந்து காகிதத்தை உருவி, வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பி, அனுப்புநர் என்ற முதல் சொல்லிலிருந்து படிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தான். என் கடையில் அவன் கண்ணாடி போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆயிரத்து எண்பத்தெட்டு ஓட்டையும் அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. வாபஸ் பாண்டி என்று ஒருவன் இருந்தான். அவன் அடித்த காகிதத்தில் ஜெர்சன் படிக்காமல் கையெழுத்துப் போடுவான். இன்றைக்கு எனக்கு வேறு யார் மேலும் பொறாமை இல்லை. அந்த வாபஸ் பாண்டி மேல்தான் இருக்கிறது.

ஜெர்சன் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, தேதி ஒரு நாள் பிந்தி இருக்கிறது, மாற்றுங்கள் என்றான். பார்த்தேன். தப்பாகத்தான் இருந்தது. வேறொன்று அடித்துக் கொடுத்தேன். அதையும் முதலிலிருந்து படித்தான்.